விளையாட்டு எழுத்துக்குக் கூலி எதற்கு?



நம் ஏட்டுக்கு மைதானத்திலிருந்து எழுதி அனுப்புவோருக்குக் கூலி கொடுப்பதா என்பது இக்கூட்டத்தின் முன்னுள்ள வினா. "விளையாட்டுச் செய்திதானே!" என்கின்றனர் சிலர். அவர்களுக்கு விடையாகத் திரினிடாட் தீவின் சி. எல். ஆர். ஜேம்ஸ் அவர்களைப் பற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

1901இல் பிறந்த ஜேம்ஸ் ஆசிரியராக இருந்தவர். 1932இல் இங்கிலாந்து சென்று, நெல்சன் என்னும் ஆலை நகரில் ஆட்ட வீரர் லியரி கொன்ஸ்ரன்ரைனின் இல்லத்தில் தங்கினார். அவருடைய நூலை எழுதவும் துணைபுரிந்தார். பந்து வீச்சாளர் சிட்னி பார்ன்சைப் பற்றி ஜேம்ஸ் வரைந்த கட்டுரை நெவில் கார்டசின் கண்ணிற் பட்டது. 'மாஞ்செஸ்ரர் கார்டியன்' பத்திரிகையில் கிறிக்கற் நிருபர் வேலையும் கிடைத்தது. ஆனால் அது கோடைகால வேலை. போகத்துக்குப் போகம் மழையை எதிர்பார்த்திருக்கும் நம் கமக்காரருக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கோடையில் மைதானம், பனிக்காலத்தில் அரசியலும் ஆராய்ச்சியும். எயிற்றித் தீவின் அடிமைகள் விடுதலை பெற்ற வரலாற்றை அவர் 1938இல் நூலாக வெளியிட்டார். ஆட்டச் செய்தியின் கூலியே அந்நூலுக்கும் அடுப்பெரித்தது எனலாம்.

1958இல் தாயகம் மீண்டு 'நேஷன்' ஏட்டின் ஆசிரியரானார். மேற்கிந்திய அணிக்கு ஒரு தொடர் முழுவதும் தலைமை தாங்கக் கறுப்பர் எவரும் அதுவரை நியமிக்கப்படவில்லை. ஜேம்ஸ் வெறும் முழக்கமிடவில்லை. பல ஆண்டு ஆட்ட அறிவைக் கொண்டு, பிராங்க் வொறலே தகுதியுடையார் என இதழுக்கு இதழ் வாதாடினார். நிபுணர் சாட்சியத்தின் பெறுமதியை இங்குள்ள நியாயவாதிகள் அறிவர். 1960இல் வொறல் தலைவராக அவுஸ்திரேலியா சென்றார். பிறிஸ்பேனில் இரு பக்கமும் சமமாய் முடிந்த ஆட்டம் டெஸ்ட் வரலாற்றில் முதலாவது. முன்னைய தலைவர் அலெக்சாந்தர் அவருக்குக் கீழ் மனமுவந்து ஆடினார் என்பதையும் மறைத்தல் நியாயமன்று.

1965இல் அவுஸ்திரேலிய அணியின் ஆட்டங்களை எழுதுதற்கு ஜேம்ஸ் மீண்டும் திரினிடாட் வந்தார். அவ்வேளை கரும்புத் தோட்டத் தொழிலாளர் கிளர்ச்சியால் அவசரகால நிலை. ஆட்டம் பார்க்க வந்தவருக்கு விசாரணையின்றி வீட்டுக் காவல்! அன்றைய பிரதமர் எரிக் வில்லியம்சோ அவரிடம் பாடங் கேட்ட மாணாக்கர். விடுதலையான ஜேம்ஸ் தொழிலாளர், விவசாயிகள் கட்சியைத் தொடங்கி 1966 தேர்தலில் நின்றார். ஓர் ஆசனமும் கிட்டவில்லை. பின்னரும் எழுத்தும் விரிவுரையுமே அவர் பிழைப்பு. 1989இல் இலண்டனில் காலமானார்.

இத்தகையோர் நம்மிடையே தோன்றவேண்டுமாயின், அவர்கள் கைப்பணத்தில் பஸ் ஏறி வந்து எழுதவேண்டும் என எதிர்பார்த்தல் முறையாகாது. பத்திக்கு இன்ன தொகையென எழுத்திற் குறித்து, மாதமுடிவில் தவறாது கொடுத்தல் வேண்டும் என்னும் தீர்மானத்தை முன்மொழிகின்றோம். பொருளாளர் தடை கூறுவார். அவருக்கு விடையளிக்கவும் ஆயத்தமாயுள்ளோம்.