நாளுக்கு ஒரு வரி



துக்கம் நடந்த வீட்டுக்கு எல்லோரும் வருவார்கள். ஆறுதல் சொல்வார்கள். காரியம் முடிந்ததும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் வீடு வெறிச்சென்று ஆகும். காலையில் எழுந்திருக்கவே மனம் வராது.

ஆனந்த் ஹிங்கோராணி என்பவருக்கு அப்படி ஒரு நிலை வந்தது. அவர் சிந்து மாகாணத்தைச் சேர்ந்தவர். காந்தியடிகளின் தொண்டர். அவருடைய மனைவி வித்யா 1943-ஆம் ஆண்டு இறந்துபோனார். ஓர் ஆண்டு கழிந்தது. துக்கம் கழியவில்லை.

அந்தச் சமயத்தில் காந்தியடிகளும் துக்கத்தில்தான் இருந்தார். ஆங்கிலேய அரசு அவரையும் கஸ்தூரிபாவையும் புனே நகரில் ஆகாகான் மாளிகையில் சிறை வைத்திருந்தது. அங்கேயே 1944 பிப்ரவரி 22-ஆம் நாள் கஸ்தூரிபா காலமானார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் கூட வாழ்ந்த துணை போய்விட்டது. அந்த ஆண்டு மே மாதம் காந்தியடிகள் விடுதலையானார். அப்போது அவர் உடல் நலமும் கெட்டிருந்தது.

துக்கத்தை அறிந்த அவர் ஹிங்கோராணிக்காக ஒரு காரியம் செய்தார். 1944 நவம்பர் 20-ஆம் நாள் முதல், நாளுக்கு ஒரு சிந்தனையை அவருக்காக எழுதினார். நீண்ட உபதேசம் அல்ல. இந்தியில் ஓரிரு வரிகள். அவ்வளவுதான்.

அப்போது காந்தியடிகளுக்கு வயது 75. நாட்டின் விடுதலைக்கான பேச்சுகள் நடந்த காலம் அது. டில்லி, சிம்லா என்று அலைந்தார். ஆனாலும் 1946 அக்டோபர் வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், இப்படி எழுதிவந்தார். அந்த வரிகள் பின்னர் நூலாக வெளிவந்தன.

ஏன் ஓரிரு வரி மட்டும்? நொந்த மனதில் பெரிய புத்தகம் ஏறாது. ஒரு வரி ஏறும். தண்ணீர் எடுக்கும்போதும், களை பறிக்கும்போதும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் அது மனதில் ஓடும். அந்த வரி துக்கத்தைத் துடைத்துவிடாது. அந்த ஒரு நாளைக் கடக்கக் கை கொடுக்கும். மறுநாளுக்கு இன்னொரு வரி.

காந்தியடிகள் எழுதித் தருவார் என்று இன்று யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் கைநாட்டு வைத்த கை இன்று எழுதுகிறது. உங்கள் வரியை நீங்களே எழுதலாம்.

எப்படிப்பட்ட வரி எழுதுவது? "நல்லவளாக இருப்பேன்" என்று எழுதினால் அது பெரிய பேச்சு. செய்தோமா, இல்லையா என்று மாலையில் சொல்ல முடியாது. "இன்று பிள்ளையை அடிக்க மாட்டேன்" என்று எழுதுங்கள். "இன்று கூலியை அப்படியே வீட்டில் கொடுப்பேன்" என்று எழுதுங்கள். "பேசாமல் இருக்கும் அண்ணனிடம் இன்று நானே பேசுவேன்" என்று எழுதுங்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த வரியை மறுபடி படியுங்கள். நடந்ததா, நடக்கவில்லையா என்று தெரிந்துவிடும்.

நடக்கவில்லையா? வெட்கப்பட வேண்டாம். மறுநாளும் அதே வரியை எழுதுங்கள். நாலு நாள் எழுதினாலும் தவறில்லை. எழுதுவதில் இன்னொரு லாபமும் உண்டு. கற்ற எழுத்தைப் பயன்படுத்தாவிட்டால் அது மறந்துபோகும். நாளுக்கு ஒரு வரி எழுதினால் எழுத்து கையை விட்டுப் போகாது.

இதற்கு அதிகச் செலவில்லை. பிள்ளைகளின் பழைய நோட்டில் மிச்சமிருக்கும் தாள் போதும். ஒரு பென்சில் போதும். நாளைக் காலையில் அடுப்பு மூட்டும் முன், மாட்டை அவிழ்க்கும் முன், தேதியைப் போடுங்கள். அதன் கீழே ஒரு வரி எழுதுங்கள். பிறகு வேலைக்குப் புறப்படுங்கள்.