செர்ரி மரத்தடியில் ஒரு குழந்தை



“இந்த மேடையில் கார்ட்டூன் படம் பற்றியா பேசப்போகிறீர்கள்?” என்று வரும் வழியில் ஒரு தோழர் கேட்டார். ஆமாம், அதைப் பற்றித்தான். 2013இல் ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோவிலிருந்து வந்த ‘இளவரசி காகுயாவின் கதை’. இயக்கியவர் இசாவோ தகஹாதா. ‘மின்மினிகளின் கல்லறை’ எடுத்தவர் என்றால் பலருக்கும் தெரியும். 2018இல் மறைந்த அவர் இயக்கிய கடைசிப் படம் இது.

ஆயிரம் ஆண்டுப் பழமையான கதை. மூங்கில் வெட்டிப் பிழைக்கும் முதியவருக்கு ஒளிவிடும் குருத்துக்குள் உள்ளங்கை அளவு பெண் கிடைக்கிறாள். ஊர்ப் பிள்ளைகள் அவளை ‘மூங்கில் குருத்து’ என்று கூப்பிடுகிறார்கள். அப்பா மட்டும் ‘இளவரசி’ என்கிறார். மூங்கிலுக்குள் தங்கமும் பட்டும் கிடைக்க, தலைநகரில் மாளிகை கட்டி அவளை உயர்குடிப் பெண்ணாக்கக் கிளம்புகிறார். அங்கே பாடம் நடக்கிறது: புருவத்தைப் பிடுங்கு, பல்லைக் கறுப்பாக்கு, ஓடாதே, வாய்விட்டுச் சிரிக்காதே.

படத்தின் ஓவியத்தைப் பாருங்கள். கரிக்கோடும் நீர்வண்ணமும்தான். சட்டகத்தின் ஓரங்கள் வரையப்படாமல் வெள்ளையாகவே நிற்கும். அந்த வெறுமையில் நமக்குக் காற்று தெரியும், பனி தெரியும். ஒரு விருந்தில் குடித்த ஆண்கள் அவளைப் பற்றிக் கேவலமாகப் பேசுவது காதில் விழுகிறது. அவள் ஓடுகிறாள். பட்டாடைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ, கோடுகள் கிறுக்கலாக உடைகின்றன. கோபத்தை இப்படியும் வரையலாம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறொரு காட்சி. காகுயா பூப்பார்க்கப் போகிறாள். முழுதாய்ப் பூத்த செர்ரி மரம். அதன் அடியில் கைவிரித்துச் சுழன்று சுழன்று சிரிக்கிறாள். ஒரு சின்னக் குழந்தை அவள்மீது மோதி விழுகிறது. தூக்கிவிடக் குனிவதற்குள் அதன் குடும்பம் ஓடிவந்து தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறது. நேற்றுவரை அவளும் இந்தக் குழந்தைதான். இன்று அவளுடைய உடை அவர்களை மண்ணில் விழவைக்கிறது. மலர்களைத் திரும்பிப் பார்க்காமல் வண்டி ஏறிவிடுகிறாள். அந்தக் குனிந்த முதுகுகளை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பூ அப்படியேதான் இருக்கிறது, பார்க்கத்தான் முடியவில்லை. மேலே நிறுத்தப்பட்டவளுக்கும் அது பறிபோய்விட்டது.

கடைசியில் நிலவுலகத்தார் மேகத்தில் இறங்கி வருகிறார்கள். அங்கே துயரமில்லை, கறையில்லை. இறகாடையைப் போர்த்தினால் எல்லாம் மறந்துவிடும், பூமியின் அழுக்கு நீங்கிவிடும் என்கிறார்கள். அழுக்கு இல்லை என்று காகுயா மறுக்கிறாள். இங்கே மகிழ்ச்சி இருக்கிறது, துக்கம் இருக்கிறது என்று அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆடை தோளில் விழுகிறது. குரல் நின்றுபோகிறது.

தீட்டு என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்தது. மாசில்லாத நிலவை இந்தப் படம் அழகென்று சொல்லவில்லை. சேறு மிதித்த பிள்ளைகளையும், முலாம்பழம் திருடித் தின்ற பகலையும்தான் அப்படி வரைந்து வைத்திருக்கிறது. 137 நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள் தோழர்களே. வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.