நாமக்கல்லாரின் கள்ளனும் சேலத்துப் போர்ப்படமும்

வீரத்தை ஆராய்ந்த நாவலொன்று போர்ப்படமான வரலாற்றைக் கேட்டால், ஸ்டீபன் கிரேனின் நாவலை ஜான் ஹூஸ்டன் 1951இல் படமாக்கியதை உலகோர் சுட்டுவர். களத்தை விட்டு ஓடிய இளைஞனின் கதை அது. நம் மண்ணிலோ போர்ப்படம் சேலத்தில் பிறந்தது. வீரத்தின் நாவல் நாமக்கல் கவிஞரிடம் பிறந்தது.

1945இல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'பர்மா ராணி'யை வெளியிட்டது. டி.ஆர். சுந்தரமே இயக்கி, ஜப்பானியத் தளபதியாகவும் நடித்தார். பிரிட்டிஷ் அரசின் போர் முயற்சிக்குத் துணைநின்ற படங்களுள் அதுவும் ஒன்று. துப்பாக்கி உண்டு, விமானம் உண்டு. வீரம் மட்டும் ஏவல் வீரம்.

மோகனூரில் 1888இல் பிறந்த இராமலிங்கம் பிள்ளையின் வழி வேறு. 1930இல் வேதாரணியம் நோக்கி நடந்த உப்புச் சத்தியாக்கிரகிகளுக்கு நடைப்பாட்டு அளித்தவர் அவர். தடியடி பட்டும் கை ஓங்காத தொண்டரைப் பாடியவர், நாவலில் படைத்ததோ ஒரு கள்ளனை! முரண்போலத் தோன்றும், முரணன்று. தொண்டன் அடியைத் தாங்கினான். மலைக்கள்ளன் பழியைத் தாங்குகிறான். ஊருக்கு நன்மை செய்தும் கள்ளன் என்ற பெயரைச் சுமக்கிறான். அப்துல் ரஹீம் என்னும் வணிகனாகவும் உலவுகிறான். தன் பெயரைக் காத்துக்கொள்ளாத துணிவு வாளேந்தும் துணிவினும் அரிது.

1954இல் கோவை பட்சிராஜா நிறுவனத்தின் ஸ்ரீராமுலு நாயுடு அதனைப் படமாக்கினார். மு. கருணாநிதியின் உரையாடல், எம்.ஜி.ஆர். நாயகன். திரையில் சாகசம் ஓங்கியது. பழி தாங்கும் பொறுமை சற்றே பின்னுக்குப் போயிற்று. எனினும் குடியரசுத் தலைவரின் வெள்ளிப்பதக்கம் அப்படத்தைத் தேடி வந்தது. பிறகு தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் என ஐந்து மொழிகளில் அக்கள்ளன் வேறு வேறு பெயர்களில் உலவினான்.