கோடு விழுந்தா கேமராவை மாத்தணுமா?

இன்னைக்கு எபிசோட்ல கோஆக்சியல் கேபிள்ல ஓடுற வேண்டாத கரண்ட் பத்திப் பேசலாம். நம்ம திருப்பூர் நிட்டிங் யூனிட்கள்ல இதுக்கு வேலை அதிகம்.

ஒரு ஷெட்டை நினைச்சுக்கோங்க. கீழே மோட்டார் வேகத்தை மாத்துற டிரைவ், மேலே இரும்புத் தூண்ல சிசிடிவி கேமரா. படத்துல கோடு விழுது. ஓனர் கேமராவை மாத்துறார். புதுசுலயும் அதே கோடு. பணம் போனதுதான் மிச்சம்.

கேபிள்ல நடுவுல ஒரு கம்பி, அதைச் சுத்தி ஷீல்டு. சிக்னல் நடுக்கம்பியில போய், ஷீல்டோட உள்பக்கமா திரும்பி வருது. ரெண்டும் சமம், எதிர்த் திசை. ஆனா அதே ஷீல்டுல வெளியிலிருந்து வர்ற கரண்டும் ஏறிக்கும். இதுதான் காமன் மோட் கரண்ட். இது ரெண்டு வகையா வரும்.

முதல் வகை 50 ஹெர்ட்ஸ். கேமரா உடம்பு தூணைத் தொட்டு ஒரு எர்த், டிவிஆர் பக்கம் இன்னொரு எர்த். ரெண்டுக்கும் நடுவுல வோல்டேஜ் வித்தியாசம் இருந்தா ஷீல்டு வழியா கரண்ட் ஓடும். படத்துல பட்டையான கோடு மெதுவா மேலேயோ கீழேயோ நகரும்.

ரெண்டாவது, டிரைவ்ல இருந்து வர்றது. அது வோல்டேஜை வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்புது. அந்த வெட்டோட சத்தம் மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். படத்துல புள்ளி புள்ளியா, பொடிப்பொடியா தெரியும்.

எதுன்னு கண்டுபிடிக்க, கேமராவைக் கழட்டி, இரும்புல படாம காய்ஞ்ச அட்டை மேல வைங்க. கோடு போயிட்டா முதல் வகை. மெஷின் டிரைவை ஆஃப் பண்ணும்போது புள்ளி போனா ரெண்டாவது.

முதல் வகைக்கு கேமராவுக்கும் தூணுக்கும் நடுவுல பிளாஸ்டிக் பெட்டி வைங்க, இல்லைன்னா கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்க. டிவிஆர், மெஷினோட எர்த் ஒயரை மட்டும் துண்டிச்சுடாதீங்க. அது உயிரைக் காக்குறது.

ரெண்டாவதுக்குத்தான் ஃபெரைட் வளையம். கேபிளை அதுக்குள்ள 3 சுத்து சுத்தினா, 1 சுத்தைவிட சுமார் 9 மடங்கு தடை. சிக்னலுக்கு ஒண்ணும் ஆகாது. போறதும் வர்றதும் வளையத்துக்குள்ள ஒண்ணையொண்ணு ரத்து பண்ணிடும். ஆனா 50 ஹெர்ட்ஸுக்கு இந்த வளையம் கிட்டத்தட்ட இல்லாத மாதிரிதான். அங்கே எத்தனை மாட்டினாலும் வீண்.

இதுக்கெல்லாம் முன்னாடி, கேமரா கேபிளை மோட்டார் கேபிளோட சேர்த்துக் கட்டியிருந்தா முதல்ல பிரிச்சு விடுங்க. அதுக்குச் செலவே இல்லை.