கண்டவரிடமே கேட்கட்டும் பிள்ளைகள்



கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது பெரியோர் வாக்கு. இந்தப் பழமொழியின் முதல் இரண்டு பகுதிகளைத்தான் பலரும் எடுத்துச் சொல்வார்கள். ஆனால், கல்விக்கு உரியது மூன்றாவது பகுதி. காண்பதும் கேட்பதும் போதாது, விசாரிக்க வேண்டும். விசாரிக்க வேண்டுமென்றால் எதிரே பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.

பாடநூலைப் பார்த்து ஒரு மாணவன் கேள்வி கேட்டால் அது பேசாது. தொலைக்காட்சி ஆவணப்படம் தான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு முடிந்துவிடும். இந்தக் குறையைத் தீர்க்க வந்ததே நேரலைத் தொலைக்கல்வி. கடலுக்கு அடியில் ஆய்வு செய்பவர், வானத்தில் மிதப்பவர், போரில் உயிர் தப்பியவர் என்று நேரில் கண்ட ஒருவரையும், தொலைவில் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்களையும் அதே நேரத்தில் பேச வைக்கும் முறை இது. இதன் உயிர் கருவியில் இருக்கிறதா, கேள்வியில் இருக்கிறதா? அதைச் சிந்திப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

வானொலியில் தொடங்கிய பள்ளி

இது இணையம் வந்த பிறகு தோன்றிய புதுமை என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் கால்நடைப் பண்ணைகள் ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. அங்கே வளரும் பிள்ளைகளுக்கு அக்கம்பக்கத்தில் பள்ளி இல்லை. ஆனால், பறக்கும் மருத்துவர் சேவையை அழைப்பதற்காகப் பண்ணை வீடுகளில் இருவழி வானொலிக் கருவி இருந்தது. பிள்ளைகள் அந்தக் கருவியை எளிதாகக் கையாள்வதைக் கண்டவர் அடிலெய்ட் மீத்கி என்ற கல்வியாளர். மருத்துவரை அழைக்கும் கருவியில் ஆசிரியரையும் அழைக்கலாமே என்று அவர் சிந்தித்தார். அந்தச் சிந்தனையின் பலனாக 1951ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வானலைப் பள்ளி முறைப்படி தொடங்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தொடக்கத்தில் ஆசிரியர் பேசுவார், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அது ஒருவழிப் பாடம். விரைவிலேயே ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேள்வி பதிலுக்கு நேரம் ஒதுக்கப்பட்டது. பிள்ளையின் குரல் அந்தப் பக்கத்திலிருந்து வந்த பிறகுதான், அது வானொலி நிகழ்ச்சி என்ற நிலையிலிருந்து உயர்ந்து பள்ளி ஆனது. இன்று அந்தப் பள்ளி வானொலியை விட்டு இணையத்துக்கு மாறிவிட்டது. கருவி மாறினாலும், பிள்ளை கேட்க ஆசிரியர் பதில் சொல்லும் முறை மாறவில்லை.

கடலடியும் வானவெளியும்

1985 செப்டம்பரில், மூழ்கிப் போன டைட்டானிக் கப்பல் அட்லாண்டிக் கடலின் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த அமெரிக்க, பிரெஞ்சுக் கூட்டுக் குழுவில் முன்னணியில் இருந்தவர் ராபர்ட் பல்லார்ட். செய்தி வெளிவந்ததும் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அடுத்த முறை நாங்களும் வரலாமா என்ற ஆவல் அக்கடிதங்களில் இருந்தது. அத்தனை பிள்ளைகளைக் கப்பலில் ஏற்ற முடியாது. அதனால், கப்பலில் நடப்பதைப் பிள்ளைகளிடம் கொண்டு சேர்க்க அவர் முடிவு செய்தார். 1989இல் ஜேசன் திட்டம் பிறந்தது. மத்தியதரைக் கடலின் அடியில் இயந்திர மனிதக் கருவி படம் பிடித்ததை, செயற்கைக்கோள் வழியாக அமெரிக்க அருங்காட்சியகங்களில் கூடியிருந்த மாணவர்கள் அதே நேரத்தில் பார்த்தார்கள்.

வானவெளியிலிருந்து பாடம் நடத்தும் கனவு மட்டும் கண்ணீரில் தொடங்கியது. கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை, பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பதாரர்களிலிருந்து தேர்வு பெற்றவர். சேலஞ்சர் விண்கலத்திலிருந்து மாணவர்களுக்கு இரண்டு நேரலைப் பாடங்கள் நடத்த அவர் ஆயத்தமாகியிருந்தார். 1986 ஜனவரி 28ஆம் நாள், ஏவப்பட்ட 73 வினாடிகளில் விண்கலம் சிதறியது. எழுவரும் மாண்டனர். அந்தக் காட்சியைப் பல பள்ளிகளில் பிள்ளைகள் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு மாற்றாகப் பயிற்சி பெற்றிருந்த மற்றோர் ஆசிரியை பார்பரா மோர்கன். அவர் 21 ஆண்டுகள் காத்திருந்தார். 2007 ஆகஸ்டில் எண்டெவர் விண்கலத்தில் பறந்து, தமது மாநிலமான ஐடஹோவின் பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு அங்கிருந்தே பதில் சொன்னார். ஆசிரியர் பணியையும் விண்வெளிப் பணியையும் ஒப்பிடச் சொன்னபோது, தேடுவதும் கண்டறிவதும் பகிர்ந்துகொள்வதுமே இரண்டிலும் நடக்கிறது என்று விளக்கினார்.

பத்து நிமிடப் பாடம்

விண்வெளியோடு பேசப் பெரிய தொலைக்காட்சி நிலையம் தேவையில்லை. ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி போதும். அனைத்துலக விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களுடன் பள்ளி மாணவர்கள் வானொலியில் பேசும் திட்டம் 2000ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து நடந்துவருகிறது. 2025 ஜூலையில் இந்தியாவின் சுபான்ஷு சுக்லாவும் அங்கிருந்தபடி இந்திய மாணவர்களுடன் இவ்வாறு பேசினார்.

இந்தத் திட்டம் நடைபெறும் முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. விண்வெளி நிலையம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் உலகைச் சுற்றுகிறது. ஓர் ஊரின் அடிவானத்தில் அது எழுந்து மறுபக்கம் மறைவதற்குள் கிடைப்பது பத்து நிமிடம்தான். அதற்குள் பத்து முதல் இருபது கேள்விகள் கேட்கப்பட வேண்டும். மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒருவர் கேள்வியைக் கேட்டு "ஓவர்" என்று முடிப்பார். மேலிருந்து பதில் வரும். உடனே அடுத்தவர் ஒலிவாங்கிக்கு முன்னால் வருவார்.

பத்து நிமிடம் என்பதால் வளவளவென்று பேச முடியாது. அகராதியில் கிடைக்கும் பதிலுக்காக வானத்தை அழைப்பதிலும் பயனில்லை. அதனால், பல வாரங்களுக்கு முன்பே வகுப்பில் வேலை தொடங்கிவிடுகிறது. எது புத்தகத்தில் இருக்கிறது, எது அங்கே இருப்பவருக்கு மட்டும் தெரியும் என்று பிள்ளைகள் பிரித்துப் பார்க்க வேண்டும். "விண்வெளி நிலையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?" என்பது புத்தகக் கேள்வி. "அங்கே கண்விழிக்கும்போது எது மேல், எது கீழ் என்று எப்படித் தெரிகிறது?" என்பது அங்கே இருப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பிள்ளை உணர்ந்துவிட்டால், பேச்சு தொடங்குவதற்கு முன்பே பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

காலம் காத்திருக்காது

விண்வெளி நிலையம் இன்று தவறினால், இன்னொரு நாள் அதே வானத்தில் வரும். மனிதர்கள் அப்படி அல்லர்.

1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவிலும், மூன்று நாள் கழித்து நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்தது. அதில் உயிர் தப்பியவர்களை ஜப்பானியர் ஹிபாகுஷா என்று அழைக்கிறார்கள். அவர்களுடைய கூட்டமைப்பான நிஹோன் ஹிடாங்கியோவுக்கு 2024ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தின் ஏற்பாட்டில், இந்த முதியவர்கள் காணொளி வழியாக வெளிநாட்டுப் பள்ளிகளோடும் பேசியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை, "பாட்டி, அன்று காலை நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்க, அந்தக் காலையில் அங்கே இருந்தவரே பதில் சொல்லும் வாய்ப்பு இது.

ஆனால், 2025 மார்ச் மாத இறுதியில் ஜப்பானிய அரசின் கணக்கில் இருந்த ஹிபாகுஷா 99,130 பேர். முதல் முறையாக ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கிய கணக்கு அது. அவர்களின் சராசரி வயது 86ஐத் தாண்டிவிட்டது. இதை முன்கூட்டியே உணர்ந்த ஹிரோஷிமா நகர மன்றம், 2012 முதல் இளைய தலைமுறையினருக்குப் பயிற்சி அளித்து வருகிறது. அவர்கள் ஒரு முதியவரின் அனுபவத்தை அவரிடமே பாடம் கேட்டு, அவர் சார்பில் பிறருக்குச் சொல்கிறார்கள்.

இது எங்கோ ஜப்பானில் நடந்த கதை மட்டுமல்ல. குண்டு விழுந்த அன்று, மலாயாவிலிருந்து சென்ற மாணவர் மூவர் ஹிரோஷிமாவில் இருந்தனர். நிக் யூசோப், சைட் ஓமார் இருவரும் அதன் விளைவாக இறந்து, ஜப்பானிய மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். அப்துல் ரசாக் அப்துல் ஹமிட் உயிர் தப்பினார். நாடு திரும்பி ஆசிரியராகி, பிற்காலத்தில் மாரா தொழில்நுட்பக் கழகத்தில் ஜப்பானிய மொழியைக் கற்பித்தார். அவருடைய அனுபவம் 'டெபு ஹிரோஷிமா' என்ற மலாய் நூலாகவும் வந்தது. 2013இல் அவர் காலமானார். அறுபத்தெட்டு ஆண்டுகள் அந்தக் காலையைக் கண்ட ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார். கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்தது. இன்று நூல் இருக்கிறது. அதனிடம் புதிய கேள்வி எதையும் கேட்க முடியாது.

பதிவு போதாதா?

இணையத்தில் ஆயிரம் காணொளிகள் இருக்கும்போது நேரலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிவு மிகவும் தேவை. ஆனால், அதில் இருப்பது வேறு யாரோ கேட்ட கேள்விக்கான பதில்.

இதை நன்கு உணர்ந்தவர்கள், யூத இனப் படுகொலையிலிருந்து தப்பியவர்களின் வாக்குமூலங்களைச் சேகரித்துவரும் ஷோவா அறநிறுவனத்தார். திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994இல் நிறுவிய அமைப்பு அது. அவர்கள் மைடானெக் வதை முகாமிலிருந்து தப்பிய பின்காஸ் கட்டர் என்பவரை அமர்த்தி, பல நாள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகளைக் கேட்டு, எல்லாக் கோணங்களிலிருந்தும் படம் பிடித்தார்கள். இன்று ஒரு மாணவன் திரையின் முன் நின்று கேள்வி கேட்டால், அதற்குப் பொருத்தமான பதிலைக் கணினி தேடி எடுத்துக் காட்டுகிறது. அவ்வளவு செலவும் உழைப்பும் எதற்காக? கதை ஏற்கெனவே பதிவில் இருந்தது. பிள்ளை கேட்கும் உரிமையைக் காப்பாற்றவே இத்தனை பாடும். ஆயினும், அந்தப் பெரியவரிடம் கேட்கப்படாமல் போன ஆயிரத்தோராவது கேள்விக்கு அந்தக் கணினியிடம் பதில் இருக்காது.

செய்ய வேண்டியவை

2020, 2021 தொற்றுக் காலத்தில் நம் பிள்ளைகள் பலரும் இயங்கலை வகுப்புக்குப் பழகிவிட்டார்கள். கருவி கைக்கு வந்தது. ஆனால், ஆசிரியர் பேச, பிள்ளைகள் ஒலியை அடைத்துவிட்டு அமர்ந்திருந்த வகுப்புகளே மிகுதி. அது ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்றோ கைவிட்ட ஒருவழிப் பாடம்.

ஆசிரியர்கள் இந்த முறையைக் கையாள நினைத்தால், சிலவற்றை மனத்தில் கொள்வது நலம். விருந்தினரின் சொற்பொழிவு நீளக்கூடாது. நேரத்தில் பாதியாவது கேள்விக்கு வேண்டும். கேள்விகளை முன்கூட்டியே பிள்ளைகளே எழுதட்டும். ஆசிரியர் எழுதிக் கொடுத்த கேள்வியைப் பிள்ளை படித்தால் அது நாடகம். மொழிபெயர்ப்பாளர் இருந்தால் நேரம் இரட்டிப்பாகும் என்பதால், கேள்விகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். துன்பத்தைக் கண்டவரிடம் கேட்கும்போது பணிவு வேண்டும். பதில் சொல்ல விரும்பாத இடத்தில் அவரை வற்புறுத்தாத பண்பையும் கற்பிக்க வேண்டும். பேச்சு முடிந்த மறுநாள், கேட்டதைப் பாடநூலோடு ஒப்பிட்டு எழுதச் செய்ய வேண்டும். நேரில் கண்டவருக்கும் நினைவு பிசகலாம். அதைச் சரிபார்ப்பதும் தீர விசாரிப்பதில் அடங்கும்.

இணைய வசதி குறைந்த சிறிய தோட்டப்புறப் பள்ளிகளுக்கு இது எட்டாக்கனி என்று தள்ளிவிடத் தேவையில்லை. விண்வெளி நிலையத்தோடு பேச வானொலிக் கருவி இல்லாத பள்ளிகள், வேறு நாட்டிலுள்ள தரைநிலையத்தின் வழியே தொலைபேசி இணைப்பில் பேசுகின்றன. ஒரு தொலைபேசியும் ஓர் ஒலிபெருக்கியும் இருந்தால் ஒரு வகுப்பே கேட்கலாம்.

பேச வேண்டியவர் அயல்நாட்டில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் மக்கள் ஆயிரமாயிரமாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் பல்லாண்டுகள் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தார்கள். அவர்களிடம் எத்தனை பள்ளிப் பிள்ளைகள் போய்க் கேட்டார்கள்? அந்தத் தலைமுறை ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிட்டது. அவர்களுக்கு அடுத்து வந்தவர்கள், அதாவது தோட்டங்கள் துண்டாடப்பட்டதையும், சுதந்திரம் வந்த நாளையும், சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்த காலத்தையும் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பினாங்கில் இருக்கும் ஒரு பெரியவரை ஜொகூரில் இருக்கும் ஒரு வகுப்போடு இணைக்க, ஒரு கைப்பேசியும் அரைமணி நேரமும் போதும்.

இந்த வார இறுதியில் பெற்றோர்கள் ஒன்று செய்யலாம். பிள்ளைகளை அழைத்து, தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேட்க ஐந்து கேள்விகளை அவர்களே எழுதச் சொல்லுங்கள். வேறு யாரிடமும் பதில் கிடைக்காத கேள்விகளாக அவை இருக்கட்டும். பிறகு தொலைபேசியை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.