சாலை யாருக்கு?

(புனே தமிழ்த் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓட்டுநரில்லாக் கார்களை இந்தியாவில் அனுமதிக்கப் போவதில்லை என்று 2017இல் ஒன்றிய அமைச்சர் நிதின் கட்காரி அறிவித்தார். ஓட்டுநர்களின் வேலை பறிபோகும் என்றார். காரணம் நியாயமானதே. ஆயினும் அமைச்சரின் வாய்மொழி சட்டமாகாது. மூலதனத்திற்கு இலாபம் தென்படும் நாளில் அது காற்றில் பறக்கக்கூடும்.

வேலையிழப்போடு இப்பிரச்சினை முடிவதில்லை. ஓட்டுநர் இல்லாவிடினும் கார் சாலையில் அதே இடத்தை அடைக்கும். நிறுத்துமிடக் கட்டணத்தைத் தவிர்க்க, ஆளின்றிச் சுற்றிக்கொண்டும் இருக்கும். நெரிசல் பெருகும், சாலையை மேலும் அகலப்படுத்தக் கோருவார்கள், அகற்றப்படுவது ஏழைகளின் குடிசைகளே.

நமது புனேயின் அனுபவம் என்ன? பேருந்துகளுக்கெனத் தனித்தடத்தை 2006இல் நாட்டில் முதன்முதலாகச் சோதித்த நகரம் இது. பின்னர் நகர் சாலையில் அத்தடத்தின் ஒரு பகுதி அகற்றப்பட்டது. வாகன நெரிசலைத் தீர்க்கப் பல்கலைக்கழகச் சந்திப்பில் கட்டிய மேம்பாலமும் 2020இல் இடிக்கப்பட்டது. இரண்டிலும் வீணானது மக்கள் பணம்.

இயந்திரம் நமக்குப் பகையன்று. தில்லி மெட்ரோவில் 2020 முதல் ஓட்டுநரில்லா ரயில் ஓடுகிறது; அது பொதுச் சொத்து, பெருந்திரளான மக்களைச் சுமக்கிறது. தனியார் காருக்கு அத்தகுதி இல்லை.

வாகனங்களைவிட மனிதர்களின் பயணத்திற்கே முன்னுரிமை என்கிறது 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை. அதை நிறைவேற்றக் கோருவோம். மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்குப் போதிய பேருந்துகள், நிரந்தரப் பணியாளர்கள், தடையற்ற நடைபாதைகள் வேண்டும். புதிய தொழில்நுட்பம் எதுவாயினும், ஓட்டுநர்களின் வாழ்வுரிமைக்கு உத்தரவாதமளித்த பின்னரே சாலைக்கு வரவேண்டும். ஆட்டோ, டாக்சி, பேருந்துத் தொழிலாளர்களையும் பயணிகளையும் இக்கோரிக்கைகளின்மீது ஒன்றுதிரட்டுவதே நமது உடனடிக் கடமை.