வாயில் படரும் வெள்ளை

(ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி முகாமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு, வாய்க்கால் ஆகியவற்றைப் பற்றிக் காலை முதல் பேசினோம். இப்பொழுது நான் எடுத்துக்கொள்வது வாயில் தோன்றும் ஒரு நோய். மருத்துவர் பேச வேண்டியதை வளர்ச்சி அலுவலர் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நோயாளி மருத்துவமனையின் படியேறுவதற்கு வெகு நாட்களுக்கு முன்னரே இந்நோய் உங்கள் தெருவில் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அதை முதலில் காண்பவர்கள் நீங்களே.

கைக்குழந்தைகளின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த் திட்டுகளைப்போல வெள்ளை படர்வதுண்டு. நம் மூதாட்டிகள் அதனை அக்கரம் என்பர். வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவுவதும் பழைய வழக்கம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனும் ஆகாது, வெங்காரம் எவ்வயதினர்க்கும் ஆகாது என்பதை இடையே சொல்லிவைக்கிறேன். இவ்வெள்ளை கேண்டிடா என்னும் பூஞ்சையால் உண்டாவது. பனஞ்சாற்றைப் புளிக்கவைத்துக் கள்ளாக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர்க் கூட்டத்தைச் சேர்ந்தது அது. நலமாக உள்ளவர் பலருடைய வாயிலும் ஒரு தீங்கும் செய்யாமல் அது குடியிருக்கிறது.

அவ்வாறாயின் அது நோயாக மாறுவது எப்பொழுது? நெற்பயிர் செய்வோருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. குலைநோயின் வித்துக்கள் காற்றில் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. யூரியாவை மிகுதியாக இட்டுப் பயிர் மென்மையாகி, பனியும் சேர்ந்துகொண்டால் அவை பயிரைப் பற்றுகின்றன. அதுபோலவே, தேகத்தின் காவல் தளரும்பொழுது வாயிலுள்ள பூஞ்சை தலைதூக்குகிறது. நீரிழிவு உள்ளவர், பல் செட்டை இரவும் பகலும் கழற்றாமல் வைத்திருப்பவர், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மருந்தை உறிஞ்சிவிட்டு வாய் கொப்பளிக்காதவர், கிருமிக்கொல்லி மாத்திரைகளைப் பல நாள் உண்டவர் ஆகியோர்க்கும் இது வரும். எனவே ஒருவர் வாயில் வெள்ளையைக் கண்டவுடன் அவருக்கு இன்ன நோய் என்று திண்ணையில் அமர்ந்து தீர்ப்புக் கூறுவது அறியாமை மட்டுமன்று, கொடுமையுமாகும்.

எனினும் இளைஞர் அல்லது நடுவயதினர் ஒருவருக்கு இத்தகைய வெளிக்காரணம் ஒன்றுமின்றி வெள்ளை படருமானால், அல்லது போய்ப் போய்த் திரும்ப வருமானால், எச்.ஐ.வி. பரிசோதனை அவசியம். எச்.ஐ.வி. கிருமி இரத்தத்திலுள்ள சி.டி.4 என்னும் வெள்ளணுக்களை அழிக்கிறது. நலமுள்ள ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் பொதுவாக 500-க்கு மேற்பட்ட சி.டி.4 அணுக்கள் இருக்கும். அத்தொகை 200-க்குக் கீழே இறங்கும் நிலையில் வாய்ப்பூஞ்சை மிகுதியாகக் காணப்படுகிறது. 1981 ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்குக் கண்ட விந்தையான நுரையீரல் நோயைப் பற்றி ஓர் அறிக்கை வெளியாயிற்று. எய்ட்ஸ் என்று பின்னாளில் பெயர் பெற்ற நோயைப் பற்றிய முதல் அறிக்கை அதுவே. அந்த ஐவருக்கும் இப்பூஞ்சைத் தொற்றும் இருந்தது என்று அதில் எழுதப்பட்டுள்ளது. ஆக, நோய்க்குப் பெயரிடுவதற்கு முன்பே இந்த அடையாளம் கண்ணில் பட்டிருக்கிறது.

நம் வட்டாரத்தில் நடந்த ஒன்றைக் கூறுகிறேன். பெயரையும் ஊரையும் விட்டுச் சொல்லலாம் என்று உரியவரே இசைவு தந்திருக்கிறார். அவர் நாற்பது வயதைக் கடந்த உழவர். குழம்பு பட்டால் வாய் எரிந்தது. உடற்சூடு என்றார்கள். மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப் பாலும் கொடுத்தார்கள். கீரை நல்ல உணவுதான், நான் குறை கூறவில்லை. ஆனால் இப்பூஞ்சைக்கு அது மருந்தன்று. சோறு நின்று கஞ்சியாயிற்று. பின்னர்க் கஞ்சியை விழுங்கும்பொழுதும் நெஞ்சுக்குள் வலித்தது. பூஞ்சை உணவுக்குழாய்க்குள் இறங்கிவிட்டது என்பதற்கு அது அறிகுறி. அதன்பின் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. ஆனால் மூன்று மாதம் கழிந்தது. உடல் பாதியாயிற்று. ஊரில் பேச்சுக் கிளம்பியது. அவருடைய குவளை வீட்டுக்குள்ளிருந்து திண்ணைக்கு வந்துவிட்டது.

அந்த வார்டின் உறுப்பினரான அம்மையார் ஒரு திருமணப் பந்தியில், அவர் இலையிலிட்டதைத் தொடாமலே மூடிவிட்டு எழுந்ததைக் கவனித்தார். மறுநாள் அவருடைய மனைவியிடம், "அண்ணி, நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், அண்ணனையும் அழைத்துக்கொண்டு நீங்களும் வாருங்கள், எனக்குத் துணையாக இருக்கும்" என்றார். அவ்வளவுதான். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மருத்துவர் அழைத்தபொழுது தாம் வெளியிலேயே இருந்துகொண்டார். இதற்கெனப் பயிற்சி முகாம் எதிலும் யாரும் அவருக்குக் கற்றுத் தரவில்லை.

பரிசோதனையில் கணவருக்கு எச்.ஐ.வி. இருப்பதும் மனைவிக்கு இல்லை என்பதும் தெரிந்தன. பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல் மாத்திரை கொடுத்தார்கள். வாயளவில் நிற்கும் பூஞ்சைக்கு வழக்கமாக 7 முதல் 14 நாள் வரை கொடுப்பார்கள். இவருக்கு உணவுக்குழாயிலும் பரவியிருந்ததால் மூன்று வாரம் ஆயிற்று. ஒரு வாரத்திற்குள்ளேயே சோறு உண்டார். ஆனால் பூஞ்சையை மட்டும் தீர்ப்பது, வயலில் கோரையை மேலாகச் செதுக்கிவிட்டுக் கிழங்கை விட்டுவைப்பது போன்றது. எச்.ஐ.வி.க்குரிய கூட்டு மருந்தை நாள்தோறும் உட்கொண்டு, சி.டி.4 தொகை உயர்ந்தால்தான் பூஞ்சை மீண்டும் மீண்டும் வருவது நிற்கும். அவர் அதனைத் தவறாது உட்கொள்கிறார். வீட்டுத் திட்ட மனு ஒன்றின் பொருட்டு நம் அலுவலகத்திற்கு வந்தபொழுது, கடலை பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அக்குறையைக் கேட்டு மகிழ்ந்தது அன்று ஒரு நாள்தான்!

இந்த மருந்துக்குக் காசில்லை. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடன் பணியாற்றியோரும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தபொழுது, இதற்கு மருந்தே இல்லை. 2004 ஏப்ரல் 1 முதல் தாம்பரம் அரசு மருத்துவமனை உட்பட நாட்டில் சில இடங்களில் மட்டும் இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கினர். அந்நாளில் சி.டி.4 தொகை குறையும்வரை காத்திருக்க வேண்டும். 2017 முதல் அக்காத்திருப்பு இல்லை. நோய் உறுதியானவுடன் மருந்து தொடங்குகிறார்கள். பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரைதான். அதனை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி சோதனைக்கு எட்டாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் வாயிலாகப் பிறருக்கு அது தொற்றுவதில்லை.

ஒரே குவளையில் நீர் பருகுவதாலோ, உடனுண்பதாலோ, கொசு கடிப்பதாலோ எச்.ஐ.வி. பரவாது. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்த பாவத்தை நம் நாடு நெடுங்காலம் சுமந்தது. அதனைப் புதிய பெயரில் மீண்டும் கொண்டுவர வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. இசைவின்றிப் பரிசோதிப்பதையும், ஒருவரது நிலையை வெளியிடுவதையும், வேலையிலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ வேற்றுமை காட்டுவதையும் அது தடுக்கிறது. ஆதலின் கிராம சபையில் எக்காரணம் கொண்டும் இத்தகைய பெயர்கள் எழக்கூடாது. எவரேனும் எழுப்பினால் தலைவர் அங்கேயே நிறுத்த வேண்டும்.

மருந்துக் கடையில் மாத்திரையைக் கேட்டு வாங்கித் தாமே விழுங்குவதையும் தடுங்கள். கருவுற்றிருப்போர்க்கும், ஈரல் கெட்டவர்க்கும், வேறு மருந்து உண்போர்க்கும் அது கேடு செய்யலாம். துணியால் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, புகையிலை போடுவோர் வாயில் தோன்றினால் அது வேறு. புற்றுநோய்க்கு முன்னோடியாக இருக்கலாம். அதையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். 1097 என்ற தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி ஐயம் கேட்கலாம். அத்தகைய மையத்தின் ஆலோசகர் ஒருவர் இன்று மாலை 5 மணி வரை இக்கூடத்தின் பின்னறையில் இருப்பார். அவ்வறைக்குள் செல்வோரை நின்று பார்க்காமல், மற்றவர்கள் முன்புறம் தேநீர் அருந்தச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.